ஓடுபாதை ஓரம் தீயணைப்பு வண்டிகள் நின்ற நாள்: உங்கள் அனுபவம் என்ன?

திருநகரிலிருந்து ஓர் உறுப்பினர்:

சென்னையிலிருந்து மதுரைக்கு மாலை விமானத்தில் வந்துகொண்டிருந்தேன். இறங்கச் சில நிமிடங்களே இருந்த நிலையில் விமானம் திடீரென்று மீண்டும் மேலே ஏறியது. சக்கரம் சரியாகப் பூட்டிக்கொண்டதைக் காட்டும் விளக்கில் ஐயம் இருப்பதாகவும், சரிபார்த்துவிட்டு இறங்குவோம் என்றும் விமானி பதற்றமில்லாத குரலில் சொன்னார். யானைமலையை ஒரே மாலையில் மூன்று முறை பார்த்தது அன்றைக்குத்தான். பக்கத்து இருக்கையில் இருந்த அம்மாள் மீனாட்சியை அழைத்தபடியே என் கையை விடாமல் பிடித்திருந்தார்.

விளக்குகள் சுழல, இரண்டு பெரிய தீயணைப்பு வண்டிகளும் ஓர் ஆம்புலன்சும் ஓடுபாதைக்கு அருகில் நிற்பதை ஜன்னல் வழியே பார்த்தபோதுதான் எனக்கு உண்மையில் பயம் வந்தது. நாங்கள் கடந்ததும் அவை எங்கள் பின்னாலேயே வந்தன. ஒன்றும் நடக்கவில்லை. ஆனால் பெட்டிக்காகக் காத்து நிற்கும்போதே, விமானம் விபத்துக்குள்ளாகிவிட்டது என்று யாரோ பரப்பிய வாட்ஸ்அப் செய்தி வீடுவரை போய், மனைவி அழுதுகொண்டே போன் செய்தார். ஒரு விளக்கில் வந்த ஐயத்துக்கு இத்தனை வண்டிகள் எதற்கு? எங்களிடம் எதையாவது மறைத்தார்களா?

வில்லாபுரத்திலிருந்து, விமான நிலையத் தீயணைப்புப் பிரிவில் பணியாற்றி ஓய்வு பெற்றவர்:

ஐயா, மறைத்திருக்க மாட்டார்கள். நீங்கள் விவரிப்பதை வைத்துப் பார்த்தால் அது நாங்கள் 'லோக்கல் ஸ்டாண்ட்பை' என்று சொல்லும் நிலையாகத்தான் இருந்திருக்கும். விமானத்தில் ஏதோ கோளாறு இருக்கலாம், ஆனாலும் பத்திரமாக இறங்குவதற்குத் தடை இராது என்னும்போது நிலையத்துக்குள் இருக்கும் வண்டிகள் மட்டும் தத்தம் இடத்தில் போய் நிற்கும். விபத்து நேரக்கூடும் என்று கருதினால் 'ஃபுல் எமர்ஜென்சி'. அப்போது நகரத் தீயணைப்பு நிலையம், மருத்துவமனைகள், காவல் துறை என வெளியாட்களுக்கும் தகவல் போகும். என் பணிக்காலத்தில் நான் ஓடிய ஸ்டாண்ட்பைகளில் பெரும்பாலானவை, தண்ணீர் ஒரு சொட்டுகூடச் சிந்தாமல் வண்டியைத் திருப்பிக் கொண்டுவந்து நிறுத்தியவைதாம்.

கிராஷ் பெல் என்னும் அபாய மணி அடித்தவுடன் கட்டுப்பாட்டு டவரிலிருந்து நாங்கள் கேட்டுக்கொள்வது சில விவரங்களை மட்டுமே: விமானத்தின் வகை, உள்ளே எத்தனை பேர், எவ்வளவு எரிபொருள் மிச்சம், என்ன கோளாறு, அபாயகரமான சரக்கு ஏதும் உண்டா, எந்த முனையிலிருந்து இறங்குகிறது. அதை வைத்து யார் எங்கே நிற்பது என்று முடிவாகும். சர்வதேச விதிப்படி, ஓடுபாதையின் கடைக்கோடிக்கும் மூன்று நிமிடத்துக்குள் முதல் வண்டி போய்ச் சேர்ந்து நுரை பீய்ச்ச வேண்டும். இரண்டு நிமிடத்துக்குள் முடித்தால் இன்னும் நல்லது. மதுரை ஓடுபாதையின் நீளம் ஏறத்தாழ 2,285 மீட்டர். அந்த மூன்று நிமிடத்தில் சட்டை பொத்தான் போடும் நேரமும் சேர்த்தி என்பதால், கால்சட்டையைப் பூட்ஸுக்குள் இறக்கி, அப்படியே காலை நுழைத்து இழுத்துக்கொள்ளும்படி தரையில் வைத்திருப்போம். எத்தனை வண்டிகள் வேண்டும் என்பதையும் விமானத்தின் அளவே தீர்மானிக்கிறது. 39 மீட்டருக்கு மேல் 49 மீட்டருக்குள் நீளமுள்ள விமானம் என்றால் ஏழாம் வகை: குறைந்தது இரண்டு வண்டிகள், தீயை அணைக்கும் திறனில் பி தரம் பெற்ற வழக்கமான நுரைக்கு 12,100 லிட்டர் தண்ணீர்.

ஓடுபாதையில் நுரையை விரித்து வைக்கவில்லையா என்று பலர் என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஒரு காலத்தில் செய்ததுண்டு. இன்று அதைப் பரிந்துரைப்பதில்லை. தீப்பிடித்தால் தேவைப்படும் நுரை முன்கூட்டியே தீர்ந்துவிடும், விமானமும் நுரை விரித்த இடத்தில்தான் தொடும் என்று சொல்ல முடியாது. நின்ற பிறகும் எங்கள் வேலை முடிவதில்லை. பிரேக் கொதித்துக்கிடக்கும் சக்கரத்தை முன்புறமாகவோ பின்புறமாகவோதான் அணுக வேண்டும்; பக்கவாட்டில் நிற்பவனைச் சிதறும் துண்டுகள் சாய்த்துவிடும். புதிதாக வரும் பையன்களுக்கு நான் முதலில் சொல்லிக்கொடுத்தது இதைத்தான்.

2024 அக்டோபர் 11 அன்று திருச்சியிலிருந்து சார்ஜாவுக்குக் கிளம்பிய விமானம் ஹைட்ராலிக் கோளாறால் இரண்டு மணி நேரத்துக்கும் மேலாக வட்டமடித்தபோது, என் தங்கை மகன், "ஏன் மாமா, சீக்கிரம் இறக்கிவிட வேண்டியதுதானே?" என்று படபடத்தான். எரிபொருள் நிறைந்த கனத்தோடு அப்படியே இறக்குவது சரியில்லை; அவ்வகை விமானத்தில் எரிபொருளை வானிலேயே கொட்டும் வசதியும் கிடையாது. எரித்துத்தான் எடையைக் குறைக்க வேண்டும். தொலைக்காட்சி அதைத் திகில் கதையாக்கியது. எனக்கோ, கீழே இருப்பவர்களுக்கு இவ்வளவு அவகாசம் கிடைத்ததே என்று சற்றுப் பொறாமையாகக்கூட இருந்தது. விமானம் பத்திரமாக இறங்கியது.

திருமங்கலத்திலிருந்து ஒரு செவிலியர்:

ஐயா சொன்னது ஓடுபாதைப் பக்கம். நான் ஒத்திகை ஒன்றில் காயம்பட்டவளாகப் படுத்திருந்த கதையைச் சொல்கிறேன். விமான நிலையங்கள் இரண்டு ஆண்டுகளுக்குள் ஒருமுறையாவது முழு அளவிலான அவசர ஒத்திகை நடத்தியாக வேண்டும். அப்படி ஒன்றுக்குச் செவிலியர் மாணவிகளாகவும் மாணவர்களாகவும் நாற்பது பேர் போயிருந்தோம். இரத்தத்துக்கு என்ன செய்வது என்று நாங்கள் விழித்தபோது, எங்கள் மூத்த அக்கா மஞ்சளையும் சுண்ணாம்பையும் தண்ணீரில் கலந்துவிட்டார். விபத்துக்கு முன்பே ஆரத்தி எடுத்த முதல் கூட்டம் நாங்களாகத்தான் இருப்போம். சீருடையில் படிந்த கறை கடைசிவரை போகவில்லை.

உடனே அனுப்ப வேண்டியவர்களுக்குச் சிவப்புச் சீட்டு, சற்றுப் பொறுக்கலாம் என்பவர்களுக்கு மஞ்சள், நடக்க முடிந்தவர்களுக்குப் பச்சை, இறந்தவர்களுக்குக் கறுப்பு. எனக்கு மார்பில் அடி, மூச்சு வாங்க வேண்டும், பேசக் கூடாது என்று எழுதிக் கொடுத்திருந்தார்கள். சொன்னபடியே நான் பேசாமல் கிடக்க, முழங்கையில் சிராய்ப்பு மட்டும் இருந்த தோழி போட்ட கூச்சலில் முதல் ஆம்புலன்சில் அவளை ஏற்றிவிட்டார்கள். ஒரு மருத்துவமனை தன் வாசலில் ஏழு வண்டிகளை வரிசையில் நிறுத்திவைத்திருக்க, இன்னொன்றில் படுக்கைகள் காலியாகக் கிடந்தன. இவையெல்லாம் பின்னர் நடந்த ஆய்வுக் கூட்டத்தில் ஒளிவுமறைவின்றிப் பேசப்பட்டன.

2020 ஆகஸ்ட் 7 அன்று கோழிக்கோட்டில் விமானம் ஓடுபாதையைத் தாண்டி விழுந்தபோது, உள்ளிருந்த 190 பேரில் 21 பேர் உயிரிழந்தார்கள். கொட்டும் மழையில் ஊர்க்காரர்களே தங்கள் கார்களில் காயம்பட்டவர்களை அள்ளிக்கொண்டு ஓடினார்கள். பெருங்குடியிலோ வலையங்குளத்திலோ அப்படி ஒன்று நேர்ந்தால் நம் மக்களும் அதைத்தான் செய்வார்கள். அவர்களைத் தடுக்கவும் முடியாது, தடுக்கவும் கூடாது. ஆகவே, யார் யாரை எங்கே கொண்டுபோனார்கள் என்ற பதிவு ஒவ்வொரு மருத்துவமனை வாசலிலும் இருந்தாக வேண்டும் என்பது என் கருத்து.

அந்தப் பதிவு இல்லாவிட்டால் என்ன ஆகும் என்பதை நான் கண்ணாரக் கண்டது எங்கள் ஒத்திகை நாள் மாலையில்தான். ஒத்திகை முடிந்து தலைகளை எண்ணினால் முப்பத்தொன்பது பேர்தான் இருந்தோம். போன் செய்தாலும் எடுக்கவில்லை. ஒரு மணி நேரம் தேடிய பிறகு, பச்சைச் சீட்டுக் கட்டியிருந்த மாணவர் ஒருவர் பெருங்குடி டீக்கடை பெஞ்சில், கையில் சீட்டும் நெற்றியில் ஆரத்திக் கறையுமாக, வடை தின்றுகொண்டிருந்தார். நடக்க முடிந்தவர்கள் போகலாம் என்று யாரோ சொன்னார்களாம். அவரும் நடந்து வந்துவிட்டார். அடுத்த ஒத்திகையில் பச்சைச் சீட்டுக்காரர்களுக்கென்று தனியாக ஒரு மேசையும், பெயர் எழுத ஓர் ஆளும் போட்டார்கள்.