எட்டாவது படித்திருந்தால்தான் ஸ்டீயரிங் திரும்புமா?

பீன்யா ஓனர்:
பெங்களூரில் லாரித் தொழில் செய்கிற நம் ஆட்கள் எல்லோருக்கும் இதே கதைதான். ஷெட்டில் வண்டி நிற்கிறது, ஓட்ட ஆள் இல்லை. நாட்டில் சுமார் 22 லட்சம் டிரைவர்கள் குறைவு என்று மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகமே 2019-இல் சொல்லிவிட்டது. இளைஞர்கள் சாப்பாட்டு டெலிவரிக்குப் போய்விடுகிறார்கள். மிச்சம் வருகிற பழைய டிரைவர்களில் பாதிப்பேர் எட்டாவது தாண்டாதவர்கள். அவர்களைக் கம்பெனி லோடுக்கு எப்படி வைப்பது? சட்டத்திலேயே இடமில்லை.

சங்ககிரியான்:
எந்தச் சட்டத்தில் இடமில்லை? எட்டாம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும் என்று மத்திய மோட்டார் வாகன விதிகளில் இருந்தது உண்மை. அதை 2019-லேயே எடுத்துவிட்டார்கள். அரியானாவின் மேவாத் பகுதியில் வண்டி ஓட்டுவதையே நம்பிப் பிழைக்கிற, பள்ளிக்குப் போக வழியில்லாத மக்களுக்காக அந்த மாநில அரசு விலக்குக் கேட்டது. அதன் பிறகுதான் நாடு முழுவதற்கும் நீக்கினார்கள். நீங்கள் காட்டுகிற 22 லட்சம் கணக்கும் அதே அறிவிப்பில் வந்ததுதான். உங்களுக்கு வேண்டிய வரியை மட்டும் எடுத்துக்கொண்டு அடுத்த வரியை மறைத்துவிட்டீர்கள்.

பீன்யா ஓனர்:
தம்பி, மறைப்பது நீங்கள். டிரைவருக்குச் சாலைப் பலகையைப் படிக்கவும், பயணப் பதிவேடு எழுதவும் பயிற்சி இருக்க வேண்டும் என்று அதே அறிவிப்பு சொல்கிறது. சரக்கோடு போக வேண்டிய ஜி.எஸ்.டி. சீட்டான இ-வே பில் காலாவதியானதுகூடத் தெரியாமல் ஓட்டுகிறவனுக்கு அபராதம் கட்டுவது நான்.

சங்ககிரியான்:
என்னைத் தம்பி என்று கூப்பிடாதீர்கள். நீங்கள் முதல் வண்டி வாங்குவதற்கு முன்பே நான் கிளீனராக ஏறி, டிரைவராக இறங்கியவன்.

பயிற்சி வேண்டும் என்றால் பயிற்சி கொடுங்கள். பள்ளிச் சான்றிதழ் எதற்கு? எனக்குத் தெரிந்த ஒருவர், ஐந்தாவதோடு நின்றவர், டாபஸ்பேட்டைப் பக்கம் ஒரு கிடங்கில் வேலை கேட்டுப் போனார். ஓட்டிக் காட்டச் சொன்னார்கள். 32 அடி கண்டெய்னரை, இரண்டு பக்கமும் வண்டி நிற்கிற இடைவெளியில், ஒரே மூச்சில் பின்னால் எடுத்துச் சரக்கு இறக்குகிற மேடையோடு ஒட்டி நிறுத்தினார். மேடை ஓரத்து ரப்பர் முட்டு நசுங்கவில்லை. இறங்கி வந்தவரிடம் பள்ளி மாற்றுச் சான்றிதழ் எங்கே என்று கேட்டுத் திருப்பி அனுப்பிவிட்டார்கள்.

அவர் எழுதுகிற டிரிப் நோட்டை நான் பார்த்திருக்கிறேன். டீசல், டோல், ஏற்றுக்கூலி, தார்ப்பாய்க் கயிறு, பஞ்சர், ஓனர் கொடுத்த முன்பணம், தன் படி எல்லாம் தனித்தனி வரிசை. ஒவ்வொரு பக்கத்தின் ஓரத்திலும் கிரீஸ் விரல்ரேகை. கூட்டலில் ஒரு ரூபாய் தவறாது. அவருக்கா படிக்கத் தெரியாது?

ஹொஸ்கோட்டே மேசை:
நான் ஒரு கிடங்கில் டிரைவர் சேர்க்கிற வேலையில் இருப்பவள். எட்டாவதுக்காகத் திருப்பி அனுப்புவது குறைவுதான். பெரிய சிக்கல் வேறு. பழைய புத்தக உரிமம் வைத்திருப்பவர்களின் எண்ணை, ஓட்டுநர் உரிமங்களுக்கான அரசின் சாரதி இணையதளத்தில் போட்டால் ஒன்றும் வருவதில்லை. உரிமம் கொடுத்த ஆர்.டி.ஓ. அலுவலகத்தில் பழைய பதிவை ஏற்றினால்தான் வரும். சேலத்தில் எடுத்தவர் அதற்காகச் சேலம் போக வேண்டும். அதற்கு மேல் போலீஸ் சரிபார்ப்பு, 45 வயது வரம்பு, முந்தைய கம்பெனியின் சம்பளச் சீட்டு. டிரிப்புக்குப் படி வாங்கி ஓட்டியவரிடம் சம்பளச் சீட்டு எப்படி இருக்கும்? அனுபவம் முழுவதும் காகிதத்தில் இல்லாமல் போய்விடுகிறது.

பீன்யா ஓனர்:
பார்த்தீர்களா, காகிதம் இல்லை என்று அவரே சொல்கிறார். நான் சொன்னதும் அதுதான்.

சங்ககிரியான்:
நீங்கள் சொன்னது எட்டாவது. சட்டத்தில் இடமில்லை என்றீர்கள். அதற்குப் பதில் சொல்லிவிட்டு வேறு காகிதத்துக்கு வாருங்கள்.

அம்மா, உங்களையும் ஒன்று கேட்கிறேன். குறைவுதான் என்றால் இன்னும் திருப்பி அனுப்புகிறீர்கள் என்றுதானே பொருள்? ஒருவரைத் திருப்பி அனுப்பினாலும் அநியாயம்தான்.

ஹொஸ்கோட்டே மேசை:
அந்தப் படிவத்தை நான் அச்சடிக்கவில்லை. சாரதி பதிவைப் பற்றி எழுதினேன், அதை யாரும் தொடவே இல்லை.

நாமக்கல் பாடி:
சங்ககிரிக்காரர்கள் எப்போதும் சத்தம்தான். தென்னிந்தியாவில் ஓடுகிற லாரிகளில் எத்தனை நாமக்கல்லில் பாடி கட்டியவை என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். பாடி கட்டுகிற தச்சனும் வெல்டரும் எந்தச் சான்றிதழ் காட்டினார்கள்? தொழில் கையில் இருந்தது, அவ்வளவுதான்.

சங்ககிரியான்:
பாடி கட்டுவது நாமக்கல். அதை ஓட்டி நாடு முழுவதும் காட்டியது சங்ககிரி. ஊர்ச் சண்டைக்கு நான் வரவில்லை. ஆனால் நீங்கள் சொன்ன கடைசி வரி என் கட்சி. எட்டாவதைப் பற்றித்தான் பேச்சு.

நாமக்கல் பாடி:
ஓட்டிக் காட்டியதும் நாங்கள்தான். வடக்கே எந்த ஊர் லாரிப்பேட்டையிலும் நாமக்கல் பெயர் எழுதிய வண்டி நிற்கும். சங்ககிரி பெயரைத் தேடித்தான் பார்க்க வேண்டும்.

கலாசிபாளையம் புக்கிங்:
இருவரும் நிறுத்துங்கள். அந்த எட்டாவது விதி 2007 திருத்தத்தில் வந்தது. அதற்கு முன்பே கனரக உரிமம் வைத்திருந்தவர்கள் புதுப்பிக்கும்போது பொருந்தாது என்று அப்போதே விலக்கு இருந்தது. ஆகவே பழைய டிரைவர்களுக்கு இது என்றுமே தடையில்லை. இப்போது பழைய டிரைவர்கள் மாட்டிக்கொள்வது புதுப்பிப்பில். காலாவதியாகி ஓராண்டு தாண்டினால் மறுபடி ஓட்டிக் காட்டும் தேர்வில் தேற வேண்டும். ஊரில் உடம்பு சரியில்லாமல் கிடந்தவர், வெளிநாடு போய் வந்தவர் எல்லோரும் கற்றுக்குட்டியோடு வரிசையில் நிற்கிறார்கள்.

சங்ககிரியான்:
நன்றாகச் சொன்னீர்கள். அதாவது பழைய டிரைவருக்குச் சட்டம் ஒரு நாளும் எட்டாவது கேட்கவில்லை. கேட்டது முதலாளிகள். ஓனர் ஐயா, இன்னும் இங்கே இருக்கிறீர்களா?

பீன்யா ஓனர்:
இருக்கிறேன். 2024 ஜனவரியில் வண்டியை நடுவழியில் போட்டுவிட்டுப் போனபோது எங்கே இருந்தீர்கள் என்று நானும் கேட்கலாம். என் தக்காளி லோடு அழுகியது. அந்த நட்டத்தை எந்தச் சங்கமும் கொடுக்கவில்லை.

சங்ககிரியான்:
விபத்து நடந்து தகவல் சொல்லாமல் போனால் 10 ஆண்டுவரை சிறை என்ற பிரிவுக்காக நிறுத்தினோம். நின்றால் கூட்டம் அடிக்கும், போனால் சிறை. பாரதிய நியாய சன்ஹிதா என்ற புதிய குற்றவியல் சட்டம் 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வந்தபோது அந்த 106(2) உட்பிரிவை மட்டும் நிறுத்திவைத்தார்கள். நாங்கள் நின்றதால்தான் அது நின்றது. உங்கள் தக்காளிக்காக என் தோழன் அடிபட்டுச் சாக வேண்டுமா?

இளைஞன் ஏன் வருவதில்லை என்று கேட்டீர்களே, இதனால்தான் வருவதில்லை. மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் 1961-லேயே நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று சொல்லிவிட்டது. பெங்களூரிலிருந்து டெல்லி லோடு ஏற்றுகிற எந்த வண்டியில் அது நடக்கிறது? முன்பு இரண்டு டிரைவர், ஒரு கிளீனர் ஏறினோம். இப்போது ஒற்றை ஆள். தார்ப்பாயையும் அவனே கட்ட வேண்டும், தூக்கத்தையும் அவனே விரட்ட வேண்டும். இறக்குகிற இடத்தில் இரண்டு நாள் ஹால்ட் போட்டால் அதற்குப் படி கிடையாது. மூட்டை குறைந்தால் கூலியில் பிடிப்பு.

பீன்யா ஓனர்:
வாடகை ஏறவில்லை, டீசல் ஏறிவிட்டது. 2025 அக்டோபர் 1 முதல் தயாராகிற லாரிகளுக்கு ஏசி கேபின் கட்டாயம். அந்தச் செலவும் எங்கள் தலையில்தான். இரண்டாவது டிரைவருக்குப் பணம் எங்கிருந்து வரும்?

நாமக்கல் பாடி:
ஏசிக்கு எரிகிற டீசலையும் டிரைவர் கணக்கில் எழுதுவீர்கள், எனக்குத் தெரியும். 45 டிகிரி வெயிலில் இன்ஜின் சூட்டோடு நாக்பூர் தாண்டிப் பாருங்கள், செலவு என்று சொல்ல வாய் வராது.

ஹொஸ்கோட்டே மேசை:
சாரதி பதிவுக்கு வழி தெரிந்தவர்கள் யாராவது எழுதுங்கள். நேற்றுகூட ஒருவர் பழைய புத்தகத்தோடு வந்து போனார்.

சங்ககிரியான்:
அதை எழுதலாம், முதலில் இது முடியட்டும். ஓனர் ஐயா, எட்டாவது சட்டத்தில் இருக்கிறதா, இல்லையா?

பீன்யா ஓனர்:
என் வாடிக்கையாளர் கொடுத்த ஒப்பந்தத் தாளில் எட்டாவது தேர்ச்சி என்று இருக்கிறது. எனக்கு அதுதான் சட்டம். தாளை அவர்கள் மாற்றட்டும்.

சங்ககிரியான்:
அந்தத் தாளில் கையெழுத்துப் போட்டவர் யார்? டன்னுக்கு வாடகையைக் குறைத்தால் அவர்கள் அலுவலகத்துக்கே போய்ச் சண்டை போடுகிறீர்கள். இந்த ஒரு வரியை அடிக்கச் சொல்லி என்றைக்காவது வாயைத் திறந்தீர்களா?

பீன்யா ஓனர்:
உங்களுக்குச் சொந்த வண்டி இருக்கிறதா? வாங்கி, மாதத் தவணை கட்டிவிட்டு, அதன் பிறகு என்னோடு பேசுங்கள்.