மறு: நங்கூரச் சங்கிலி – ‘நாகமுலாம்’ போதுமா? ‘காத்தழி முலாம்’ என்றொரு முன்மொழிவு

அன்புள்ள குழுவினருக்கு,

நாம் தமிழாக்கும் படகுக் கைந்நூலில், துருவைத் தடுக்க நாகம் என்ற உலோகத்தைப் பூசிய (galvanized) நங்கூரச் சங்கிலியை எப்படிச் சொல்வது என்ற பேச்சின் தொடர்ச்சி இது.

> ‘கல்வனைசுப்படுத்திய சங்கிலி’ என்றே எழுதிவிட்டால் என்ன? கடைக்காரருக்கும் அதுதானே புரியும்?

யாழ்ப்பாணத்து ஐயாவின் கேள்வி நியாயமானது. புறக்கோட்டையில், பழைய சோனகத் தெருவில் சங்கிலி வாங்குகிறவர் ‘கல்வனைஸ்’ என்றுதான் கேட்பார்; கேட்கட்டும். ஆனால் நாம் தமிழாக்கும் கைந்நூல் வாங்குவதற்கு வழிகாட்டுவதன்று, பேணுவதற்கு வழிகாட்டுவது. மோதறையில் பலநாட் கலம் வைத்திருப்பவரும், காலியில் வந்து தங்கும் பாய்ப்படகுகளுக்கு வேலை செய்கிறவரும் சங்கிலியைக் கையில் எடுத்து, இது இன்னும் தாங்குமா என்று முடிவுசெய்ய வேண்டும். ‘கல்வனைஸ்’ என்ற சொல்லுக்கு மூலமான கல்வானி என்ற இத்தாலிய அறிஞரின் பெயர் அந்த முடிவுக்கு உதவாது. தவளைக்கால் துடித்ததை ஆராய்ந்த அவர் 1798இல் இறந்தார். உருகிய நாகத்தில் இரும்பைத் தோய்த்தெடுக்கும் முறைக்குச் சொரெல் பிரான்சில் என்ற பொறியியலாளர் காப்புரிமை பெற்றது 1837இல்.

‘நாகமுலாம்’ அதைவிட நல்ல சொல். (தமிழக நண்பர்கள் ‘துத்தநாகம்’ என்பார்கள். இங்கே பள்ளியில் படித்தவருக்கு நாகம்தான் பழக்கம். அதை மாற்ற வேண்டியதில்லை.) என் குறை ‘முலாம்’ பற்றியது. முலாம் என்றதும் தங்கமுலாம் நினைவுக்கு வரும். தங்கமுலாமில் கீறல் விழுந்தால் உள்ளே இருக்கும் மலிவான உலோகம்தான் அரிபடும். தங்கத்துக்கு ஒன்றும் ஆகாது. நாகத்தில் நடப்பது இதற்கு நேர் எதிர். ஓர் உலோகம் எவ்வளவு எளிதில் கரையும் என்பதைக் காட்டும் நியம மின்வாய் அழுத்தம் நாகத்துக்கு −0.76 வோல்ற்று, இரும்புக்கு −0.44 வோல்ற்று; எண் எவ்வளவு கீழே போகிறதோ அவ்வளவு எளிதில் கரையும். இரண்டும் தொட்டுக்கொண்டு கடல்நீரில் கிடந்தால் நாகம் கரையும், இரும்பு தப்பும். முலாமில் சிறு கீறல் விழுந்து உருக்கு வெளியே தெரிந்தாலும், பக்கத்திலுள்ள நாகம் தான் கரைந்து அந்த இடத்தைக் காக்கும்.

இதைச் சொல்லாத பெயர் பராமரிப்பவரை இரண்டு விதமாக ஏமாற்றும். ஒருவர் கீறலைக் கண்டதும் சங்கிலி போய்விட்டது என்று பயப்படுவார். இன்னொருவர் வெள்ளிபோலப் பளபளக்கும் மின்முலாம் (மின்னோட்டத்தால் நாகத்தைப் படியவைத்த) சங்கிலியை வாங்கிவந்து, பூச்சு உண்டுதானே என்று நிம்மதியாக இருப்பார். கடலுக்குப் பயன்படுவது 450 பாகை செல்சியசு அளவில் உருகிய நாகத்தில் தோய்த்தது. 6 மில்லிமீற்றருக்கு மேல் தடித்த உருக்குக்கு அந்தப் படலம் சராசரி 85 மைக்ரோமீற்றராவது இருக்க வேண்டும் என்பது பன்னாட்டு நியமம். மின்முலாம் பெரும்பாலும் அதில் ஒரு சிறு பங்குதான். பளபளப்பு ஆயுளைக் காட்டாது, தடிப்புத்தான் ஆயுள்.

ஆகவே என் முன்மொழிவு: காத்தழி முலாம். காத்து, அழிகிற முலாம்.

வினைத்தொகையைக் காலம் கரந்த பெயரெச்சம் என்பார்கள். காத்தழிந்த, காத்தழிகின்ற, காத்தழியும் என்ற மூன்றும் இந்த ஒரு சொல்லுக்குள் அடங்கும். ஒரே சங்கிலியில் இந்த மூன்று காலத்தையும் பார்க்கலாம் என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. நங்கூரத்தை ஒட்டிய சில மீற்றர் மணலில் உராய்ந்து, சேற்றில் புதைந்து கிடப்பது. அங்கே நாகம் பெரும்பாலும் போய்விட்டிருக்கும். முகத்துவாரங்களின் அழுகிய முட்டை நாற்றமுள்ள கருஞ்சேறு இதில் இன்னும் கொடியது. காற்றில்லாத அந்தச் சேற்றில் வாழும் பற்றீரியாக்கள் உண்டாக்கும் சல்பைட்டு நாகத்தை விரைவாகத் தின்னும். நடுப்பகுதி சாம்பல் நிறத்தில் மெல்லமெல்லத் தேய்ந்துகொண்டிருக்கும். படகினுள்ளே குவிந்து கிடக்கும் முனை கடலையே அதிகம் கண்டிராது. ஆனால் அங்கும் ஈரம் தேங்கிக் காற்றோட்டம் இல்லாவிட்டால் வெண்துரு, அதாவது நாகம் அரிபட்டு உண்டாகும் வெண்பொடி, பூக்கும். சங்கிலியை நன்னீரால் கழுவி உலரவிடுவதும், அவ்வப்போது முனை மாற்றிப் போடுவதும் இதனால்தான்.

பழுப்புக் கறை பற்றியும் கைந்நூலில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். நாகத்துக்கும் உருக்குக்கும் இடையில் இரண்டும் கலந்த கலப்புலோகப் படைகள் இருக்கின்றன. வெளிநாகம் தீர்ந்ததும் அவற்றிலுள்ள இரும்பு கறையாகத் தெரியும், ஆனால் காவல் இன்னும் முடிந்திருக்காது. உருக்கே தேயத் தொடங்கிவிட்டதா என்பதை வளையத்தோடு வளையம் முட்டும் உள்வளைவில் இடுக்குமானி வைத்து அளந்துதான் சொல்ல வேண்டும். விட்டத்தில் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் மாற்றிவிட வேண்டும் என்பது பொதுவான வழக்கம். 10 மில்லிமீற்றர் 9 ஆனால் குறுக்குவெட்டுப் பரப்பில் 19 வீதம் போய்விடும். கண்ணுக்கு அது அவ்வளவாகத் தெரியாது.

> ‘தியாக முலாம்’, ‘பலி முலாம்’ என்று சொல்லலாமே?

தியாகம் மனம் வைத்துச் செய்வது. இந்த நாட்டில் அந்தச் சொல் சுமக்கும் பாரமும் வேறு. அதை ஒரு சங்கிலிப் பூச்சுக்கு எடுக்க எனக்கு மனம் வரவில்லை. பலி என்றால் கொடுப்பவர் ஒருவர் வேண்டும். இங்கே கொடுப்பவர் இல்லை, மின்னிரசாயனம் மட்டுமே இருக்கிறது.

> ‘அழி’ என்பது பிறவினையாகவும் வருமே? காத்து, பின் இரும்பை அழிக்கும் முலாம் என்று ஒருவர் படித்தால்?

மட்டக்களப்பு அக்காவின் இந்த ஆட்சேபம்தான் வலுவானது. பெயர்ச்சொல் வடிவத்தை முதலிலேயே உறுதிசெய்துவிட்டால் குழப்பம் தீரும் என்று நினைக்கிறேன்: காத்தழிவு, காத்தழிப்பு அன்று. அழிவு தன்வினை, அழிப்பு பிறவினை. கைந்நூலில் ‘காத்தழிவு’ முதலில் வந்து, அதன் பின்னரே ‘காத்தழி முலாம்’ வரட்டும்.

இச்சொல் சங்கிலியோடு நின்றுவிடாது என்பதும் ஒரு வசதி. 1824இல் ஆங்கிலேய இரசாயனவியலாளர் ஹம்ப்ரி டேவி, செப்புத்தகடு வேய்ந்த போர்க்கப்பல்களின் அடியில் இரும்பு, நாகக் கட்டிகளைப் பொருத்தச் சொன்னார். செம்பு தப்பியது. ஆனால் செம்பு கரையாமல் போனதால் பாசியும் சிப்பியினங்களும் அதில் ஏறிக் கப்பலின் வேகத்தைக் குறைத்தன. இன்றும் படகடியில் பொருத்தும் அத்தகைய கட்டியைக் காத்தழி கட்டி எனலாம். கறையில் உருக்கால் செய்த இணைப்பைச் சங்கிலியில் மாட்டினால் அதை ஒட்டிய வளையங்களில் காத்தழிவு விரையும் என்று ஒரே வரியில் எழுத முடிகிறது. ‘நாகமுலாம்’ மட்டும் வைத்து அந்த வரியை எழுதிப் பார்த்தேன், மூன்று வாக்கியமாக நீண்டது.

பொருளைச் சொல்ல வேண்டிய இடத்தில் நாகமுலாம், தொழிற்பாட்டைச் சொல்ல வேண்டிய இடத்தில் காத்தழிவு என இரண்டையும் சொற்பட்டியலில் வைக்கலாமா? திருகோணமலையிலும் காலியிலும் படகுக்காரரோடு பழகுகிறவர்கள், சொல்லை அவர்களிடம் ஒருமுறை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்து எழுதுங்கள். உராய்வுத் தேய்வுக்கும் அரிப்புக்கும் தனித்தனிச் சொல் வேண்டும் என்ற கேள்விக்கு அடுத்த மடலில் பதில் எழுதுகிறேன்.

அன்புடன்,
கொழும்பிலிருந்து