முன் டயரின் உள்விளிம்பு மட்டும் தேய்கிறது: கோளாறு எங்கே?

என் டீசல் எஸ்யூவிக்கு முன் டயர்கள் மாற்றி 14,000 கிலோமீட்டர்கூட ஆகவில்லை. இடது டயரின் உள்விளிம்பு மொட்டையாகிவிட்டது. வெளிப்பக்கமோ புதிதுபோல் இருக்கிறது. உள்ளங்கையால் தடவினால் ஒரு திசையில் வழுக்குகிறது, எதிர்த்திசையில் ரம்பம்போல் அறுக்கிறது. வேகத்தடையில் இறங்கும்போது இடப்பக்கம் ‘டொக்’ என்று ஒரு சத்தம். மாதம் இருமுறை கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி இறங்குகிற வண்டி.

வீல் அலைன்மென்ட் இரண்டு முறை பார்த்தாயிற்று. டோ, அதாவது மேலிருந்து பார்த்தால் சக்கரங்கள் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு, சரியாக இருக்கிறதாம். முன்னாலிருந்து பார்த்தால் சக்கரம் சாய்ந்திருக்கும் கோணமான கேம்பரைப் பற்றிக் கேட்டால் மெக்கானிக் பேச்சை மாற்றுகிறார். ஷாக் அப்சார்பர் இரண்டையும் மாற்றச் சொல்கிறார். எண்ணெய்க் கசிவே இல்லையே, மனம் ஒப்பவில்லை. சக்கரத்தை வண்டியின் அடிச்சட்டத்தோடு இணைக்கும் லோயர் ஆர்மின் ரப்பர் புஷ் தேய்ந்திருந்தால், நிற்கும்போது அளவு சரியாகக் காட்டி, ஓடும்போது விலகுமா? நெம்பிப் பார்த்துக் கண்டுபிடித்தவர்கள் யாராவது இருந்தால் எப்படிப் பார்ப்பது என்று சொல்லுங்கள்.