படகு டிரெய்லர்: டயர் மாற்ற வேண்டும், ஸ்பிரிங் பட்டையும் துருப்பிடித்திருக்கிறது

நங்கூரம்:
ஒற்றை அச்சு டிரெய்லர். படகு, எஞ்சின், டிரெய்லர் மூன்றும் சேர்த்து காகிதக் கணக்கில் 1,350 கிலோ. பெரும்பாலும் உப்புத் தண்ணீரில்தான் இறக்குகிறேன். டயர் அளவு 205/75ஆர்14. பட்டன் (தரையில் படும் வரிகள்) பாதிக்கு மேல் மிச்சம் இருக்கிறது, ஆனால் பக்கச் சுவரில் மெல்லிய வெடிப்புகள் ஓடியிருக்கின்றன, அதோடு இடது டயர் மட்டும் உள் ஓரத்தில் நன்றாகத் தேய்ந்திருக்கிறது. ஸ்பிரிங் பட்டைகளுக்கு இடையில் துரு உப்பி நிற்கிறது, ஸ்குரூடிரைவரால் குத்தினால் செதில் செதிலாகக் கொட்டுகிறது. இதே அளவில் கார் டயர் மலிவாகக் கிடைக்கிறது, போடலாமா? தேய்ந்த ஒன்றை மட்டும் மாற்றினால் போதுமா? ஸ்பிரிங்கைச் சுரண்டி பெயின்ட் அடித்தால் இன்னும் கொஞ்ச நாள் ஓடுமா?

துடுப்பு:
கார் டயர் வேண்டாம். டிரெய்லருக்கென்றே வரும் எஸ்டி டயரின் பக்கச் சுவர் விறைப்பாக இருக்கும், சுமையோடு வளைவில் திரும்பும்போது படகு ஆடாமல் வருவது அதனால்தான். கார் டயரின் பக்கச் சுவர் சொகுசுக்காக நெளியும்படி செய்தது. அதை டிரெய்லரில் போட்டால் அதில் எழுதியிருக்கும் சுமை அளவை 1.1ஆல் வகுத்துக் குறைத்துத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும், அப்போதே உங்கள் எடைக்குப் பற்றாமல் போய்விடலாம்.

பட்டனைப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். டிரெய்லர் டயர் தேய்ந்து சாவதைவிட வயதாகிச் சாவதுதான் அதிகம், மாதக்கணக்கில் வெயிலில் ஒரே இடத்தில் நிற்கிறதல்லவா. பக்கச் சுவரில் டாட் (DOT) என்று தொடங்கும் எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களைப் பாருங்கள். 2319 என்றால் 2019ஆம் ஆண்டின் 23ஆவது வாரம் செய்தது. ஐந்தாறு வருடம் தாண்டி வெடிப்பும் இருந்தால், பட்டன் புதுசு போல இருந்தாலும் இரண்டையும் கழற்றிவிட வேண்டியதுதான். ஸ்டெப்னியின் தேதியையும் பார்த்துவிடுங்கள், அதை யாரும் பார்ப்பதே இல்லை. கடையில் புது டயர் வாங்கும்போதும் தேதியைப் படித்துவிட்டுத்தான் பணம் கொடுக்க வேண்டும்.

அடுத்து எடை. காகிதத்தில் இருக்கும் 1,350ஐ நம்ப வேண்டாம். 100 லிட்டர் பெட்ரோலே 75 கிலோ வரும், பேட்டரி, நங்கூரம், கயிறு, ஐஸ் பெட்டி எல்லாம் ஏற்றினால் 1,500ஐத் தொட்டுவிடும். ஒரு தடவை எடை மேடையில் ஏற்றிப் பாருங்கள். அதில் 100 கிலோ வண்டியின் கொக்கி மேல் உட்கார்ந்தாலும் மிச்சம் 1,400, ஒரு டயருக்கு 700. எஸ்டி205/75ஆர்14இல் சி ரேஞ்ச் (ரேஞ்ச் என்பது சுமை தாங்கும் தரம்) 50 பிஎஸ்ஐ காற்றழுத்தத்தில் ஏறக்குறைய 798 கிலோ தாங்கும், டி ரேஞ்ச் 65 பிஎஸ்ஐயில் 925 கிலோ. சி ரேஞ்ச் போதும் என்று கடையில் சொல்வார்கள், கணக்குப்படி அது சரிதான், ஆனால் குழியில் விழும்போது இருக்கிற இடைவெளி போதாது. நான் டி ரேஞ்சே சொல்வேன். ரிம்மும் வால்வும் 65 பிஎஸ்ஐ தாங்குமா என்று கேட்டுக்கொண்டு போடுங்கள். காற்று எப்போதும் டயர் ஆறியிருக்கும்போது, பக்கச் சுவரில் எழுதிய முழு அளவுக்கு. காற்று குறைந்தால் டயர் நெளிந்து சூடேறும், வெடிப்பதற்கு முக்கியக் காரணமே அதுதான்.

உப்புக்காற்று:
டயர் பற்றி துடுப்பு சொன்னதில் மாற்றம் இல்லை. ஆனால் புது டயர் வாங்கும் முன் அந்த உள் ஓரத் தேய்மானம் ஏன் வந்தது என்று பாருங்கள், இல்லாவிட்டால் புது டயரும் அதே கதிதான். கொக்கி நடுவிலிருந்து அச்சின் இரண்டு முனைக்கும் டேப் பிடித்து அளந்து பாருங்கள். இரண்டுக்கும் 3 மில்லிமீட்டருக்கு மேல் வித்தியாசம் இருந்தால் அச்சு நகர்ந்திருக்கிறது. அப்புறம் டயர்களுக்கு நடுவே உள்ள தூரத்தை முன்பக்கம் ஒரு தடவை, பின்பக்கம் ஒரு தடவை அளந்து பாருங்கள், அது கணிசமாக மாறினால் அச்சே வளைந்திருக்கலாம்.

ஸ்பிரிங் விஷயத்தில் பெயின்ட் வீண் வேலை. துரு இருப்பது பட்டைகளுக்கு நடுவில், பிரஷ் அங்கே போகாது. இரும்பு துருவாகும்போது பருமன் கூடும், அது பட்டைகளை நெம்பிப் பிரிக்கும், பட்டை மெலியும், கடைசியில் மெயின் பட்டை, முனையில் வளையமாகச் சுருட்டிய கண் பக்கத்திலோ, பட்டைகளை நடுவில் சேர்த்துப் பிடிக்கும் சென்டர் போல்ட் துளையிலோ முறியும். செதில் கொட்டும் நிலைக்கு வந்துவிட்டால் மாற்றுவதுதான் ஒரே வழி.

நங்கூரம்:
அளந்து பார்த்தேன். இடது பக்கம் 14 மில்லிமீட்டர் பின்னால் போயிருக்கிறது. அச்சையும் ஸ்பிரிங்கையும் சேர்த்துக் கட்டும் யு போல்ட் நட்டுக்குக் கீழே அரித்து மெலிந்திருக்கிறது, சென்டர் போல்ட் தலை கையோடு வந்துவிட்டது. டயர்களின் முன், பின் தூரம் ஒன்றுதான். இடது ஸ்பிரிங்கை மட்டும் மாற்றலாமா?

உப்புக்காற்று:
அச்சை ஸ்பிரிங் மேல் நகராமல் நிறுத்துவதே அந்தச் சென்டர் போல்ட்டின் தலைதான், அது போனதும் அச்சு சறுக்கியிருக்கிறது. இந்த நிலையில் டிரெய்லரை நெடுஞ்சாலைக்கு எடுக்கவே வேண்டாம். முன், பின் தூரம் ஒன்றாக இருப்பது நல்ல செய்தி, ஆனாலும் ஸ்பிரிங் மாற்றியபின் அச்சு மேல்கீழாக வளைந்திருக்கிறதா என்று நேர்க்கோல் வைத்துப் பார்த்துவிடுங்கள், உள் ஓரம் தேய அதுவும் காரணமாகலாம்.

ஸ்பிரிங் இரண்டும் ஜோடியாகத்தான். ஒன்று புதுசு, ஒன்று பழசு என்றால் டிரெய்லர் ஒரு பக்கம் சாயும். கண்ணிலிருந்து கண் வரை நீளம், பட்டை அகலம், எத்தனை பட்டை என்று குறித்துக்கொண்டு போங்கள், கால்வனைஸ் செய்தது கிடைத்தால் அதையே வாங்குங்கள். யு போல்ட், நட், ஸ்பிரிங் கண்ணில் போகும் புஷ், ஸ்பிரிங்கை டிரெய்லரோடு இணைக்கும் ஷாக்கிள் போல்ட் எல்லாம் புதுசு. பழைய யு போல்ட்டைத் திரும்பப் போடவே கூடாது. யு போல்ட் நட்டுகளைக் குறுக்காக மாற்றி மாற்றி, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள். முதல் 80 கிலோமீட்டர் ஓடியதும் நிறுத்தி யு போல்ட்டையும் வீல் நட்டையும் இறுக்கத்தை அளக்கும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பார்க்க வேண்டும்.

அதன்பிறகு ஒவ்வொரு தடவையும் கரையேறியதும் நல்ல தண்ணீரால் கழுவுங்கள், மேலோட்டமாக இல்லை, ஹோஸைப் பட்டைகளின் பக்கவாட்டில் பிடித்து. காய்ந்ததும் மெல்லிய துரு தடுப்பு எண்ணெய் இடைவெளியில் இறங்கும்படி அடியுங்கள், டயர் மேலும் பிரேக் மேலும் படக்கூடாது. சக்கரத்தின் நடுவில் பேரிங் இருக்கும் ஹப்பையும் மறக்க வேண்டாம். ஓடி வந்த சூட்டோடு குளிர்ந்த தண்ணீரில் இறக்கினால் உள்ளே காற்று சுருங்கி, சீல் வழியாக உப்புத் தண்ணீரை இழுத்துக்கொள்ளும். கொஞ்சம் ஆறவிட்டு இறக்குங்கள். சக்கரம் கழற்றியிருக்கும் இந்த நேரத்திலேயே பேரிங்கைத் திறந்து பார்த்துவிடலாம், கிரீஸ் பால் நிறத்தில் இருந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது என்று அர்த்தம்.

வேலை செய்யும்போது ஜாக்கியை அச்சின் நடுவில் கொடுக்காதீர்கள், நேராக இருக்கும் அச்சும் வளைந்துவிடும். டிரெய்லரின் இரும்புச் சட்டத்தில் கொடுத்துத் தூக்கி, ஸ்டாண்ட் வைத்தபிறகுதான் கீழே கை நீட்ட வேண்டும்.