டையோடு டிடெக்டர் 3 கிகா ஹெர்ட்ஸ் தாண்டினா படுத்துடுது, யாராச்சும் பாத்து சொல்லுங்க

வணக்கம் மக்களே. 100 மெகா ஹெர்ட்ஸ்ல இருந்து 6 கிகா வரைக்கும் ஒரே மாதிரி காட்டுற ஆர்எஃப் பவர் மீட்டர் (ரேடியோ சிக்னலோட பவரை அளக்கறது) ஒண்ணு வீட்லயே பண்ணிட்டிருக்கேன், எஸ்எம்எஸ்7630 ஷாட்கி டையோடு, பயாஸ் (டையோடுக்கு தனியா குடுக்குற டிசி கரண்ட்) கிடையாது, இன்புட்ல ரெண்டு 100 ஓம் ரெசிஸ்டர் பேரலலா போட்டு 50 ஆக்கிருக்கேன் (மேட்சிங் நெட்வொர்க் போட்டா பேண்டு குறுகிடும், அதான் இந்த முரட்டு வழி, சென்சிடிவிட்டி போனா போகட்டும்).

433 மெகால -30 டிபிஎம் (1 மில்லிவாட்டை வச்சு சொல்ற டெசிபல் கணக்கு) குடுத்தா மல்டிமீட்டர்ல 0.9 மில்லிவோல்ட், -20க்கு 8 சொச்சம், ஸ்கொயர் லா (பவர் ஏறுற அளவுக்கே அவுட்புட் வோல்டேஜும் ஏறுறது) ஒழுங்கா வருது. 5.8 கிகா போனா அதே -20க்கு 3 கூட தாண்டல!

டையோடு கெப்பாசிட்டன்ஸ் 0.14 பிகோ ஃபாரட்தான், அங்க கிட்டத்தட்ட 200 ஓம் வருது, அது மட்டும் இவ்ளோ இழுக்காதுல்ல? எனக்கு சந்தேகம் அவுட்புட்ல போட்ட 100 பிகோ 0603 சைஸ் கெப்பாசிட்டர் மேலயும், கிரவுண்டுக்கு சோம்பேறித்தனமா ஒத்த வியா (போர்டோட ரெண்டு பக்கத்தையும் இணைக்கிற ஓட்டை) வச்சது மேலயும்தான், அதோட இண்டக்டன்ஸ் 1 நானோ ஹென்றினாலே அங்க 36 ஓம் ஆச்சே. போர்டு 1.6 எம்எம் எஃப்ஆர்4.

10 பிகோ 0402க்கு மாறினா போதுமா, இல்ல 0.8 எம்எம் போர்டுல வியா நிறைய குத்தி புதுசா அடிக்கணுமா? அப்புறம் மத்தியானம் ரூம் சூடானா ரீடிங் நகருது, தெர்மிஸ்டர் (சூட்டுக்கு ஏத்த மாதிரி மாறுற ரெசிஸ்டர்) வச்சு சரி பண்ணவங்க இருந்தா எப்படின்னு சொல்லுங்கண்ணே.