எஸ் பாஸைப் புதுப்பிப்பதா, இ-பாஸுக்கு மாறுவதா?

புதுகை மெக்கானிக்கல்:
வணக்கம் அண்ணன்மாரே, அக்காமாரே. வயது 28, பி.இ. மெக்கானிக்கல். சிங்கப்பூரில், துவாஸ் பகுதியில் ஒரு தொழிற்சாலையில் மூன்று வருடமாக எஸ் பாஸில் (இடைநிலை வெளிநாட்டு ஊழியருக்கான வேலை அனுமதி) இருக்கிறேன், மாதச் சம்பளம் 3,700 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). அக்டோபரில் பாஸ் முடிகிறது. 4,100 தருகிறோம், புதுப்பித்துக்கொள் என்கிறார்கள். இதற்கிடையில் இங்கேயே ஊபி பகுதியில் பதினோரு பேர் வேலை பார்க்கும் ஒரு சின்ன கம்பெனி, இ-பாஸ் (தொழில்நிபுணர், மேல்நிலை வேலைக்கான அனுமதி) போட்டு 6,800 தருவதாகச் சொல்கிறது. எனக்குத் தை மாதம்தான் கல்யாணம் ஆனது. மனைவி திருச்சியில் நர்ஸ். அவளை இங்கே அழைத்துவர வேண்டும், என் கணக்கு அவ்வளவுதான். இ-பாஸ் இருந்தால் மனைவிக்கு டிபி (குடும்பத்தார் கூட வந்து தங்குவதற்கான டிபென்டன்ட் பாஸ்) தானாகக் கிடைத்துவிடும் என்று ரூமில் எல்லோரும் சொல்கிறார்கள். போகலாமா?

இபாஸ்காரன்:
இதில் யோசிக்க என்ன இருக்கிறது தம்பி? எஸ் பாஸ் என்பது உன் கையில் இல்லாத பாஸ். சேவைத் துறை என்றால் கம்பெனியின் மொத்த ஆட்களில் 10 சதவீதம், உன்னைப் போலத் தொழிற்சாலை என்றால் 15 சதவீதம், அவ்வளவு பேரைத்தான் எஸ் பாஸில் வைக்கலாம், அதுதான் கோட்டா. உள்ளூர் ஆட்கள் வேலையை விட்டால் அந்தக் கணக்கு தானாகச் சுருங்கும். எனக்கு நடந்தது அதுதான். என் பழைய கம்பெனியில் உள்ளூர்க்காரர் இரண்டு பேர் ஒரே மாதத்தில் விலகினார்கள், என் பாஸைப் புதுப்பிக்க முடியவில்லை. 30 நாள் விசிட் பாஸைக் கையில் கொடுத்தார்கள். பிரிட்ஜை 80 வெள்ளிக்குக் கொடுத்துவிட்டு ஊருக்குப் போனேன். இன்னொன்று, உனக்காக முதலாளி அரசுக்கு மாதம் 650 வெள்ளி லெவி (வெளிநாட்டு ஊழியர் வரி) கட்டுகிறார். கணக்குப் பிள்ளைக்கு நீ எப்போதும் ஒரு செலவுதான். இ-பாஸில் கோட்டாவும் இல்லை, லெவியும் இல்லை.

துவாஸ் அண்ணாச்சி:
கோட்டா இல்லை, சரி. காம்பஸை, அதாவது இ-பாஸுக்குப் புள்ளி போடும் முறையை, ஏன் சொல்லவில்லை? 2023 செப்டம்பரிலிருந்து புது இ-பாஸ் எல்லாம் 40 புள்ளி வாங்க வேண்டும். 2024 செப்டம்பரிலிருந்து புதுப்பிக்கவும் அதே கதைதான். எஸ் பாஸில் இந்தப் பரீட்சை கிடையாது. நான் இங்கே பதினேழு வருடமாக இருக்கிறேன். இ-பாஸ் கிடைத்தது என்று ஊரில் போஸ்டர் ஒட்டியவன், புதுப்பிக்க முடியாமல் திரும்பியதைப் பார்த்திருக்கிறேன். எஸ் பாஸ்காரனுக்கு முதலாளி வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கு மருத்துவக் காப்பீடு எடுத்தே ஆக வேண்டும். இ-பாஸில் அந்தக் கட்டாயம் இல்லை. நெஞ்சு வலித்து ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் அதன் அருமை தெரியும்.

இபாஸ்காரன்:
அண்ணாச்சி பயமுறுத்துகிறார். காம்பஸில் சின்ன கம்பெனிக்குச் சலுகை இருக்கிறது. அலுவலக, தொழில்நிபுணர் வேலையில் 25 பேருக்குக் கீழ் இருந்தால், ஊழியர்களின் நாட்டுக் கலப்புக்கு 10, உள்ளூர் ஆட்களின் விகிதத்துக்கு 10, கேட்காமலே வந்துவிடும். சரிபார்த்த டிகிரிக்கு இன்னொரு 10. ஆக 30 கையில். சம்பளத்துக்கு ஒரு 10 வந்தால் முடிந்தது.

தேக்கா அக்கா:
அந்தக் கடைசிப் பத்தில்தான் எல்லாரும் வழுக்கி விழுகிறார்கள். பத்து வருடமாக எச்ஆரில் இதே வேலையாக இருக்கிறேன். இ-பாஸின் குறைந்தபட்சச் சம்பளத்தைத் தொட்டாலே புள்ளி வந்துவிடாது. அந்தத் துறையில் உள்ளூர்க்காரர் வாங்கும் சம்பளத்தோடு ஒப்பிட்டுத்தான் போடுவார்கள். மனிதவள அமைச்சின் தளத்தில் சுயமதிப்பீட்டுக் கருவி இருக்கிறது, இலவசம், கம்பெனியிடம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். அதற்கு முன்னால் ஒன்று கேட்கிறேன் தம்பி. அந்த 6,800-ஐக் கடிதத்தில் எப்படிப் பிரித்திருக்கிறார்கள்? வரி வரியாக இங்கே எழுதுங்கள்.

புதுகை மெக்கானிக்கல்:
அடிப்படைச் சம்பளம் 4,800. வீட்டுப்படி மாதம் 1,000. சைட் அலவன்ஸ் "1,000 வரை, போகும் நாட்களைப் பொறுத்து". மொத்தம் 6,800 என்று அடியில் தடித்த எழுத்தில் போட்டிருக்கிறார்கள்.

தேக்கா அக்கா:
நினைத்தேன். அமைச்சு பார்ப்பது நிலையான மாதச் சம்பளத்தை. மாதாமாதம் மாறாமல் வரும் படி அதில் சேரும், போகும் நாளைப் பொறுத்து மாறுவது சேராது. உங்கள் 6,800 அங்கே போனால் 5,800.

நிதித்துறை தவிர மற்ற துறைகளில் இ-பாஸுக்கு 5,600 போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். அது 23 வயதுக்காரனுக்கு. வயது ஏற ஏற அதுவும் ஏறி, 45-இல் 10,700-ஐத் தொடும். 28 வயதுக்கு ஏறத்தாழ 6,760 வரும். ஆக இந்தக் கடிதத்தோடு விண்ணப்பித்தால் காம்பஸ் வரைக்கும் போகவே போகாது.

டிபி விஷயத்திலும் ரூமில் சொன்னது தவறு. அதற்கு நிலையான சம்பளம் 6,000 வேண்டும். எஸ் பாஸில் இருப்பவரும் 6,000 வாங்கினால் கம்பெனி மூலம் மனைவியை அழைக்கலாம். இ-பாஸில் இருந்தும் 6,000-க்குக் கீழே என்றால் முடியாது. பாஸின் நிறத்தைப் பார்த்து யாரும் டிபி கொடுப்பதில்லை.

துவாஸ் அண்ணாச்சி:
இதைத்தானே சொன்னேன்!

இபாஸ்காரன்:
நீங்கள் சொன்னது வேறு அண்ணாச்சி, சும்மா இருங்கள். அக்கா சொல்வது சரி, வயதுக் கணக்கை நான் விட்டுவிட்டேன். ஆனால் அதற்காகக் கைவிட வேண்டாம். தம்பி, அந்த சைட் அலவன்ஸை நிலையான படியாக மாற்றித் தரச் சொல். ஒரு வரி மாற்றம்தான். 6,800 நிலையானால் இ-பாஸ் சம்பள வரம்பு, டிபி என்று இரண்டு கதவும் திறக்கும்.

புதுகை மெக்கானிக்கல்:
மூன்று நாளாக வர முடியவில்லை, மன்னிக்கவும். அண்ணன் சொன்னபடி கேட்டேன். முதலாளி உடனே ஒப்புக்கொண்டார், எனக்கே ஆச்சரியம். காபி வாங்கிக் கொடுத்து, "கடிதத்தில் 6,800 நிலையானதாகவே போட்டுவிடலாம், பேங்கிலும் 6,800 வரும். மாசம் ஆயிரம் மட்டும் கையில் திருப்பிக் கொடுத்துவிடு, உனக்காகத்தான் செய்கிறேன்" என்றார். சரி என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. காபி ஆறிப்போய்விட்டது.

பேசாமல் வாங்கு:
பாதிப் பேர் இப்படித்தான் இருக்கிறார்கள். பெண்டாட்டி பக்கத்தில் இருப்பதற்கு மாதம் ஆயிரம் என்று நினைத்துக்கொள்.

தேக்கா அக்கா:
எந்தப் பாதிப் பேர்? வேலை கொடுப்பதற்காக வெளிநாட்டு ஊழியரிடம் பணம் வாங்கும் முதலாளிக்கு 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை, அல்லது இரண்டும். விண்ணப்பத்தில் பொய்ச் சம்பளம் காட்டுவது தனிக் குற்றம். தெரிந்தே உடன்பட்டால் தம்பியும் சேர்ந்து மாட்டுவார். இன்னொரு கூத்து, வருமான வரி 6,800-க்கும் கட்ட வேண்டும். கைக்கு வராத ஆயிரத்துக்கும் வரி.

இபாஸ்காரன்:
அந்த ஆளிடம் போகாதே தம்பி. இ-பாஸுக்காக வாதாடியவன் நான்தான், இருந்தாலும் சொல்கிறேன். முதல் நாளே கையில் திருப்பிக் கொடு என்பவன், பாஸ் புதுப்பிக்கும்போது இன்னும் எவ்வளவு கேட்பான்? அதற்காக எஸ் பாஸே கதி என்று நான் ஒப்புக்கொள்ளவில்லை அண்ணாச்சி. இப்போதைக்குப் புதுப்பித்துவிட்டு, உண்மையாகவே 7,000 கொடுக்கும் இடத்தைத் தேடட்டும். எஸ் பாஸிலிருந்து மாறப் பழைய முதலாளியின் சம்மதக் கடிதம் தேவையில்லை, நோட்டீஸ் காலத்தை முடித்தால் போதும். தள்ளிப்போட்டாலும் நஷ்டம். ஒவ்வொரு பிறந்தநாளுக்கும் அந்த 6,760-இல் இருநூற்றுச் சொச்சம் ஏறும்.

துவாஸ் அண்ணாச்சி:
தேடட்டும், யார் வேண்டாம் என்றது? ஆனால் எல்லோரும் ஒன்றை மறந்துவிட்டீர்கள். அந்தப் பெண் நர்ஸ். டிபியில் வந்தால் வீட்டில்தான் உட்கார வேண்டும், 2021 மே மாதத்திலிருந்து டிபியை வைத்துக்கொண்டு வேலைக்குப் போக முடியாது, தனி பாஸ் வேண்டும். அதைவிட அவளே இங்கே நர்ஸ் வேலைக்கு விண்ணப்பித்துத் தன் பெயரில் பாஸ் வாங்கி வரட்டுமே. என் தங்கை மகள் அப்படித்தான் வந்தாள். இப்போது செங்காங்கில் இருவரும் ஓர் அறை எடுத்து இருக்கிறார்கள். அவள் சம்பளம் மாப்பிள்ளையுடையதைவிடக் கூட.

இபாஸ்காரன்:
இது நல்ல யோசனை. வருத்தத்தோடு சொல்கிறேன்.

தேக்கா அக்கா:
தாதியாகப் பதிவு செய்யாமல் பாஸ் வராது, அதற்குக் காலம் பிடிக்கும். ஏஜென்ட்டிடம் போனால் இங்குள்ள ஏஜென்சி வாங்கக்கூடியது ஒப்பந்தத்தில் வருடத்துக்கு ஒரு மாதச் சம்பளம், எப்படிப் போனாலும் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. லட்சக்கணக்கில் கேட்டால் எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள்.

புதுகை மெக்கானிக்கல்:
நேற்று இரவு அவளிடம் பேசினேன். "நான் வந்து சமைத்துப் போடத்தான் கூப்பிடுகிறீர்கள் என்று நினைத்தேன்" என்று சிரித்தாள். மார்க் ஷீட்டுகளெல்லாம் அவள் அம்மா வீட்டு பீரோவில் இருக்கிறதாம், ஞாயிற்றுக்கிழமை போய் எடுக்கிறாள். ஊபிக்காரருக்கு வேண்டாம் என்று மெசேஜ் அனுப்பிவிட்டேன். நாளை எச்ஆரைப் பார்க்கிறேன். 4,100-க்கு உடனே தலையாட்டப் போவதில்லை, 4,400 கேட்கிறேன். அண்ணாச்சி, உங்கள் தங்கை மகள் எந்தெந்தச் சான்றிதழ் கொடுத்தார் என்று கேட்டுச் சொல்ல முடியுமா?