குமரி மாவட்டம் முட்டம் கடற்கரையில் தூண்டில் போட எந்த இடம் நல்லது?

கேள்வி: பாறையில போட்டா ஈயக்குண்டு சிக்கி தூண்டில் நரம்பு அறுந்துடுது. எங்கே நிக்கலாம் அண்ணே?

பதில்: பாறை முடிஞ்சு மணல் தொடங்குற ஓரத்துல நில்லுங்க தம்பி, பாரை மீன் அங்கேதான் சுத்தும். வற்றத்துல (கடல் தண்ணி இறங்குறப்போ) போய் பள்ளங்களைப் பார்த்து வெச்சுட்டு, ஏற்றத்துல (தண்ணி ஏறுறப்போ) அதே இடத்துல போடுங்க. ஈயத்தை மட்டும் மெல்லிய நரம்புல தனியா கட்டுங்க. சிக்கினா ஈயம் மட்டும்தான் அறுந்து போகும், மீன் தப்பாது.

பதில்: மணல்ல அலை உடையாம கருப்பா தெரியுற இடம் ஆழம். அதன் ஓரத்துல சின்ன தூண்டில் முள்ளுல இறால் துண்டு மாட்டிப் போட்டா, கிழங்கான் மீன் கடிக்கும். நீவாடு (கடல் நீரோட்டம்) இழுத்தா உருண்டை ஈயம் உருண்டுடும். 100 கிராம் பிரமிட் ஈயம் மணல்ல புதைஞ்சு நிக்கும்.

பதில்: நனைஞ்ச பாறைன்னா அலை அங்கே ஏறுதுன்னு அர்த்தம், நிக்காதீங்க. பாசி வழுக்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை தென்மேற்குக் காத்து, பாறைப்பக்கமே வேண்டாம்.